மாமன் கால்

அன்றைக்குக் கடற்கரையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அண்ணன், நான், வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த இரண்டு ஆட்கள், பாறைப் பக்கம் நெத்திலி காயப்போட்டிருந்த அடுத்த வீட்டு அக்கா, காக்கை விரட்ட அவளோடு வந்திருந்த அவள் மாமியார். அப்பா கடலில் இருந்தார். அம்மா வீட்டில் இருந்தாள். முட்டத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் மேலே நின்று பார்த்திருக்கலாம். அவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்க முடியாது.

மற்றவர்களைக் கேட்டுவிட்டேன். ஒருமுறை அல்ல. ஒன்பதாவது சுற்றில் அண்ணன் விழுந்தபோது நான் என்ன சொன்னேன் என்பதுதான் கேள்வி. "போதும்" என்றேனா, "எழும்பு" என்றேனா? எனக்கு இரண்டுமே ஞாபகம் இருக்கிறது. இரண்டும் என் குரலில்தான் கேட்கிறது.

வலைக்காரர்களில் ஒருவர் இறந்துவிட்டார். அதற்கு முன்பே கேட்டிருந்தேன். "எனக்கு ஓர்மையில்ல மக்கா, கண்ணு வலையிலல்லா இருந்து" என்றார். மற்றவர் மஸ்கட்டில் இருக்கிறார். போனில் கேட்டபோது, "இதுக்கா இவ்வளவு தூரம் கூப்பிட்ட? வீட்ல ஒண்ணும் பிரச்சினை இல்லியே?" என்று அவர் பயந்துபோனார். அடுத்த வீட்டு அக்கா, நான் சத்தம் போட்டது உண்மை, என்ன சத்தம் என்று தெரியாது என்றாள். அவள் மாமியாருக்கு இப்போது என்னையே அடையாளம் தெரிவதில்லை.

மீதி இருந்தது அண்ணன். அவனிடம் மட்டும் பதினாறு வருஷம் கேட்கவில்லை.

அப்போது அவனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினாலு. நான் எட்டாம் வகுப்போடு நின்று, பள்ளிக்கூடத் தெருவில் ஒரு தையல் கடையில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் படித்தான். பந்து விளையாடினான். எங்கள் கரையில் பையன்கள் நடக்கத் தொடங்கியதும் பந்தைத்தான் உதைப்பார்கள். ஆனால் இவனைப் போல யாருக்கும் கால் இல்லை. கெண்டைக்கால் சதை இரண்டும் திரண்டு உருண்டு கல்லுப்போல இருக்கும். அரைக்கால் சட்டை போட்டு அவன் பூசைக்கு வந்தால் கிழவிகள் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். "அப்படியே மாமன் கால்" என்பார்கள். அம்மாவுக்கு அதைக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

மாமன் என்றால் அம்மாவின் ஒரே தம்பி. நான் பிறக்கும் முன்பே செத்துப்போனவர். வீட்டில் அவருடைய படம் ஒன்று உண்டு. திருவிழாவுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேர் வடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். கால் இரண்டும் உரல் மாதிரி இருக்கும். இருபது வயதில் காய்ச்சல் வந்தது, அதிலிருந்து எழும்பவில்லை, ஆறு வருஷம் பாயில் கிடந்து இறந்தார் என்று அம்மா சொல்லுவாள். காய்ச்சல் என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவளும் எங்களுக்கு அதையே சொன்னாள். அந்தக் காலையும் அந்தப் பாயையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. காலைப் பாராட்டினோம், காய்ச்சலுக்காகச் செபம் செய்தோம்.

அண்ணன் குதிகாலை ஊன்றாமல் நடப்பான். பையன்கள் கொக்கு என்று கூப்பிட்டார்கள். தரையில் உட்கார்ந்தால் எழும்புவதற்கு, முதலில் இரண்டு கையையும் மணலில் ஊன்றி, பிறகு முட்டியில் வைத்து, பிறகு தொடையில் வைத்து, தன் உடம்பைத் தானே ஏணி மாதிரி பிடித்து ஏறி நிற்பான். அதையும் பையன்கள் நடித்துக் காட்டுவார்கள். அப்பா பார்த்துவிட்டு, "சோம்பேறிச் சவம். எழும்புகதுக்குக் கூட நாலு நாள் வேணும் இவனுக்கு. கால பாரு, ஆளப் பாரு!" என்பார். வள்ளம் தள்ளக் கூப்பிட்டால் இவன் தோளைக் கொடுத்துவிட்டு நிற்பான், தள்ளமாட்டான் என்று அவருக்குக் கோபம்.

எனக்குச் சின்ன வயதிலேயே பயம் கூடுதல். அப்பா அவனை அடித்துவிடுவார், படிப்பை நிறுத்திக் கடலுக்குக் கொண்டுபோவார், கடலில் அவன் தவறி விழுவான் என்று வரிசையாக நினைத்துக்கொண்டே பொத்தான் வைப்பேன். அந்த வருஷம் நாகர்கோவிலில் பந்து விளையாட்டுக்கு ஆள் எடுத்தார்கள். அதில் அவன் தேறிவிட்டால் அப்பா வாயை மூடுவார் என்று எனக்குத் தோன்றியது. விளையாட்டு வாத்தியார் அவன் காலைத் தட்டி, "இந்தக் கால வச்சிக்கிட்டு நீ ஏன்டே ஓடமாட்டேங்க? பயிற்சி பத்தாது" என்று சொல்லியிருந்தார். அண்ணன் அதைச் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னான். நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பயிற்சி பத்தாது.

அதனால் அவனை ஓடவைத்தவள் நான்தான். கடை விட்டு வந்ததும் அவனைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போவேன். பாறையிலிருந்து கடைசி வள்ளம் வரைக்கும் போய்த் திரும்பினால் ஒரு சுற்று. ஈர மணலில் வேண்டாம், பொதி மணலில் ஓடினால்தான் கால் உறுதியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கால் புதையும் மணலில் ஓடச்சொன்னேன். முதல் வாரம் மூன்று சுற்று. பிறகு நாலு, ஆறு. வாரத்தில் இரண்டு முட்டை என் கூலியில் வாங்கினேன். கால் பிடித்து இழுக்கிறது என்பான். தைலம் தேய்ப்பேன். தேய்க்கும்போது கையில் அந்தச் சதை கெட்டியாக இருக்கும். அதைத் தொட்டால் எனக்குத் தைரியம் வரும். அந்த ஒரு விஷயத்தில்தான் நான் பயப்படாமல் இருந்தேன்.

"ஏட்டி, ஒனக்கு வாத்தியாரு வேல குடுத்தது யாரு?" என்பான்.

"நீ ஓடுண்ணே. பேசினா மூச்சு போவும்."

"எனக்கு மூச்சு கிடக்கு. காலுதான் வேற வீட்டுக்காரன் காலு மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். அவன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பத்துச் சுற்று என்று முடிவு செய்திருந்தேன். எட்டு ஓடிவிட்டான். ஒன்பதாவதில், பாறைக்கு இருபது அடி இருக்கும்போது, யாரும் தள்ளாமல் முகம் குப்புற விழுந்தான். அடுத்த வீட்டு அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கை மணலில், கை முட்டியில், கை தொடையில். எழும்பினான். மீதியையும் ஓடினான். பத்தாவதையும் முடித்தான். வலைக்காரர் ஒருவர் கைதட்டினார். "கொள்ளாமே!" என்றார்.

மறுநாள் கோயில் படியில் அவனால் ஏற முடியவில்லை. நான்கு நாள் கழித்து ஏறினான். ஆள் எடுத்த அன்று நாகர்கோவிலுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் ஓடி நான் பார்த்ததில்லை.

வர்ம ஆசானிடம் காட்டினோம். எண்ணெய் இட்டு நாற்பத்தொரு நாள் உழிந்தார். அவரும் காலைப் பார்த்து வியந்துவிட்டுத்தான் உழிந்தார். மூன்று வருஷம் கழித்து, அவனால் பேருந்தில் ஏற முடியாமல் போன பிறகு, திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். அவர் அண்ணனைத் தரையில் உட்காரச் சொன்னார். எழும்பச் சொன்னார். அவ்வளவுதான். அவன் கை தொடைக்கு வரும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. கெண்டைக்காலை விரலால் அழுத்தினார்.

"இது பலம் அல்ல. சதை அழிஞ்சு அந்த இடத்தில கொழுப்பு வந்திருக்கு. அதான் இத்தர வண்ணம், இவ்வளவு தடி."

பிறகு அம்மாவைப் பார்த்து, "நிங்களுக்கு ஆங்ஙளமார் உண்டோ?" என்று கேட்டார். சகோதரர் உண்டா என்று அர்த்தம். அம்மா ஒன்றும் புரியாமல் தம்பியின் காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பெருமையாகத்தான் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள்.

டாக்டர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக வரைந்தார். பெண்கள் வட்டம், ஆண்கள் சதுரம். மாமன் சதுரத்தைக் கறுப்பாக்கினார், அண்ணன் சதுரத்தைக் கறுப்பாக்கினார். அம்மா வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். பெண்களிடம் இது ஒளிந்து வரும், அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகளிடம் வெளியே வரும், பாதிக்குப் பாதி சாத்தியம் என்றார். அம்மா, "அப்பம் என்கிட்டயிருந்தா போச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அவள் இறக்கும்வரை தம்பியின் காலைப் பற்றிப் பேசவில்லை. எனக்கான வட்டத்தில் டாக்டர் புள்ளி வைக்கவில்லை. சும்மா விட்டார். ரத்தம் பார்த்தால் தெரியும் என்றார்.

நான் கேட்க வேண்டியது வேறு. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் கேட்டேன்.

"சார், மணல்ல ஓடினதுனாலயா வந்தது?"

"ஓடாட்டியும் வரும் மோளே. ஜனனத்திலே உள்ளதாணு. ஆனா," என்று நிறுத்தினார். "இந்தச் சதைக்கு அதிக ஆயாசம் கொடுக்கான் பாடில்ல, கொடுக்கக் கூடாது. அது கேடு செய்யும். எவ்வளவு செய்யும்னு அளந்து சொல்ல முடியாது."

அந்த "ஆனா"வுக்குள்தான் நான் பதிமூன்று வருஷமாகக் குடியிருக்கிறேன்.

அண்ணனுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. சக்கர நாற்காலியில் இருக்கிறான். காலையில் ஏலக்கரையிலிருந்து மீன் விலை கேட்டு, வியாபாரிகளுக்குப் போனில் குரல் பதிந்து அனுப்புவது அவன் வேலை. நன்றாகச் சம்பாதிக்கவில்லை, ஆனால் அவன் குரலைக் கரை முழுவதும் தெரியும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவன் என்னோடு இருக்கிறான். என் வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் படகில் போகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார்.

தினமும் காலையில் அண்ணனுக்கு உடற்பயிற்சி செய்வது நான்தான். பயிற்சி கற்றுக்கொடுக்கும் பெண் வாரத்துக்கு ஒருமுறை வருவாள். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல மேலே தள்ளி முப்பது எண்ணவேண்டும். முட்டிக்கு முப்பது. தோளுக்கு முப்பது. மறுநாள் வலித்தால் செய்தது கூடுதல், அடுத்த நாள் குறைக்கணும் என்று அவள் முதல் நாளே சொன்னாள். இவ்வளவுதானா என்று கேட்டேன். "இவ்வளவுதான் அக்கா. சும்மா கிடந்தா இறுகிடும், அதிகமானா கெட்டுப்போவும். நடுவில நிக்கணும்" என்றாள். அந்த நடுவைப் பதினாறு வருஷத்துக்கு முன்னால் யாரும் எனக்குக் காட்டவில்லை. முப்பது எண்ணும்போது ஒன்பது வந்தால் என் நாக்கு தடுக்கும். எட்டு, பத்து என்று தாண்டிவிடுவேன். அவன் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

என் மகனுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு.

போன வருஷம் தவக்காலத்தில், மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். காலைப் பிடித்து அமுக்கினாள்.

"ஏட்டி, இஞ்ச பாரு. அப்படியே மாமன் காலுல்லா பயலுக்கு!"

அவள் பாராட்டத்தான் சொன்னாள். எங்கள் ஊரில் தாய்மாமன் ஜாடை என்று சொல்வதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நான் பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, மீனைக் கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அளக்கிறேன். என்னிடம் அளவு நாடா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது, கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றிப் பிடித்து அளந்து, ரவிக்கை அளவு எழுதும் நோட்டில் எழுதிவைப்பேன். மார்பு முப்பத்தாறு, கை பதினொன்று என்ற வரிகளுக்கு நடுவில் பெயர் போடாமல் ஒரு எண் இருக்கும். எட்டே கால். எட்டரை. பிள்ளை வளர்ந்தால் காலும் வளரத்தானே செய்யும். அது எந்த வளர்ச்சி என்று நாடா சொல்லாது.

வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் கல்யாணத்துக்கு முன்பு தெரியாது. "இப்பம் அதை எடுக்காண்டாம் மக்களே" என்று அம்மா சொன்னாள், நானும் எடுக்கவில்லை. வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது சொன்னேன். அவர் "சரி, ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றார். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. கேட்டால் நன்றாக இருக்கும் என்று சில நாள் நினைப்பேன்.

இந்த வருஷம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் மகனைச் சேர்த்திருக்கிறது என்று சீட்டு வந்தது. நான் அதை மடித்துத் தையல் மெஷின் இழுப்பறையில் போட்டுவிட்டு, அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பயல் மாமனிடம் போய் அழுதிருக்கிறான். மறுநாள் காலையில், பாதத்தைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தபோது அண்ணன் பேச்சைத் தொடங்கினான்.

"பயலுக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வரப்போவுதாமே? நல்ல காய்ச்சல், நாள் சொல்லிட்டு வருது."

"நீ சும்மா இரு."

"அம்பது மீட்டரு. இஞ்சயிருந்து குழாயடி வர காணாது. தெனமும் தெருவில அதவிட ஓடுகான்."

"தெருவில நான் சொல்லி ஓடல்ல."

நான் தொடர்ந்து எண்ணினேன். ஏழு, எட்டு, பத்து. பிறகு, "ஒம்பத விட்டுட்ட. எப்பவும் விடுக" என்றான்.

பதினாறு வருஷம் கேட்காததை அப்போது கேட்டுவிட்டேன். அவன் பாதம் என் கையில் இருந்தது, அவன் எங்கும் போகமுடியாது, அதனாலும் இருக்கலாம்.

"அண்ணே, அண்ணைக்கு நீ விழுந்தப்பம் நான் என்ன சொன்னேன்?"

"எப்பம்?"

"ஒம்பதாவதுல. போதும்னேனா, எழும்புன்னேனா?"

"நீ ஒண்ணும் சொல்லல்ல. எண்ணிக்கிட்டு நின்ன." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "நீ எண்ணினா நான் எழும்பணும்லா. அதான் எழும்பினேன்."

நான் இரண்டில் ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். இது இரண்டும் இல்லை. அவனே தொடர்ந்தான்.

"அண்ணைக்கு ராத்திரி மூத்திரம் கட்டன் சாயா மாதிரி கறுத்துப் போச்சு. ரெண்டு நாள் அப்படித்தான் போச்சு."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ பயப்படுவல்லா."

அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, எழும்பி அடுக்களைக்குப் போய்விட்டேன். சதை உடைந்து கலந்தால்தான் அப்படிப் போகும் என்று டாக்டர் பிறகு எப்போதோ சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு நான் நிம்மதியாகியிருந்தேன், நம் வீட்டில் அது நடக்கவில்லையே என்று. நடந்திருக்கிறது. கொல்லைப்புறத்தில், நான் படுத்திருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில்.

அவன் அறையிலிருந்து கத்தினான். "ஒரு கால்தான் முடிஞ்சுது கேட்டியா! மத்தத ஆரு செய்வா, ஒன் மாப்பிளயா?"

மறு காலையும் செய்தேன். ஒன்பதைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மகனை ஓட அனுப்பினேன். தைரியம் வந்து அனுப்பவில்லை. அண்ணன் சக்கர நாற்காலியோடு ஆட்டோ பிடித்து மைதானத்துக்கு வந்துவிட்டான், அவனுக்கு எதிரில் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. விசில் ஊதினார்கள். எட்டுப் பிள்ளைகள். எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கத்தினார்கள். நான் குதிகாலை மட்டும் பார்த்தேன். ஊன்றுகிறானா, ஊன்றவில்லையா? செருப்பில்லாத கால்கள், புழுதி, அவ்வளவு வேகம், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதாக வந்தான். கோட்டைத் தாண்டியதும் சிரித்துக்கொண்டே தரையில் விழுந்து உட்கார்ந்தான்.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். இப்போது எழும்புவான். கை எங்கே போகும் என்று பார்க்கவேண்டும். தரையிலா, முட்டியிலா, தொடையிலா. பக்கத்தில் நின்ற டீச்சர் குனிந்து, அவன் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, ஒரே தூக்கில் தூக்கி நிறுத்திவிட்டாள். கன்னத்தைக் கிள்ளி, "மூணாவது!" என்றாள். எனக்கு அவளை ஏதாவது செய்யவேண்டும் போல இருந்தது.

அன்றைக்கு மூன்று முறை அவன் பின்னாலேயே கழிப்பறைக்குப் போனேன். மஞ்சள்தான். "அம்மா, போ அங்க" என்று கதவைச் சாத்தினான்.

அடுத்த வாரம் நாகர்கோவிலுக்குப் போய் ஒரு லேபில் என் ரத்தத்தைக் கொடுத்தேன். என்னிடம் இல்லை என்றால் பிள்ளையிடமும் இல்லை, பிள்ளையைக் குத்தவே வேண்டாம். என்னிடம் இருந்தால் அவனையும் பார்க்கவேண்டும். அண்ணனின் பழைய ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். பாதிப் பணம் கட்டினேன். மீதியை ரிப்போர்ட் வாங்கும்போது கட்டலாம் என்று அங்கிருந்த பெண் ரசீதில் எழுதித்தந்தாள்.

ஒரு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். "அக்கா, ரிப்போர்ட் வந்துட்டு. பாக்கிய அடச்சிட்டு வாங்கிக்கிடுங்க."

"என்னன்னு போட்டிருக்கு?"

"நாங்க பிரிக்கமாட்டோம் அக்கா. கவர்ல ஒட்டிக் கிடக்கு."

அதற்குப் பிறகு லைனிங் துணி வாங்க இரண்டு முறை நாகர்கோவிலுக்குப் போனேன். இரண்டு முறையும் பணத்தை எடுத்துக்கொண்டுதான் போனேன். இரண்டாம் முறை அந்த லேப் தெருமுனை வரைக்கும் போய், சர்பத் கடையில் நின்று ஒரு எலுமிச்சை சர்பத் குடித்துவிட்டு, பேருந்து ஏறிவிட்டேன்.

அண்ணன் தினமும் கேட்கிறான். "வாங்கினியா? பைசா இல்லன்னா நான் போன்ல அனுப்பிவிடுகேன். ஒரு நிமிஷ வேல."

"நீ அனுப்பிராத. நான் குடுக்க வேண்டிய பைசா."

"அதுக்குப் பேரு என்ன, வீம்பா?"

"நீ அனுப்பிராதண்ணே" என்றேன். என் குரலைக் கேட்டு அவன் போனை மடியில் வைத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகன் கால் எட்டரைக்கு ஒரு நூல் மேலே இருந்தது. வட்டம் இன்னும் சும்மாதான் இருக்கிறது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் அனுப்பிய பணம் தையல் மெஷின் இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டு அப்படியே கிடக்கிறது. நான் கட்டவேண்டிய பாக்கி நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.